48 அங்குல கேட்டும் 46 அங்குல மோவரும்

போன சனிக்கிழமை காலை 8:10-க்குச் சாவியைத் திருப்பினேன். 9:05-க்கு வண்டி கராஜுக்குள் திரும்பிவிட்டது. முன்புறம், இரண்டு பக்கவாட்டு, வேலிக்குள் இருக்கும் பின்புறம், எல்லா இடத்திலும் புல் வெட்டி முடிந்தது. இந்த 55 நிமிடத்துக்கு வந்து சேர எனக்கு இரண்டு வருடமும் மூன்று இயந்திரமும் ஆயின. நடுவில் ஒரு தடவை வண்டியோடு ஓடைக்குள் இறங்கியதும் உண்டு. வீட்டுக்கு ரைடிங் மோவர், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி, வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு நான் செய்த தப்புகளாவது உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலே நகருக்குத் தெற்கே ஃப்யூக்வே-வரினா பக்கம். கேரியில் டவுன்ஹவுஸில் இருந்தவரை புல்லைப் பற்றி நான் நினைத்ததுகூட இல்லை. வாரம் ஒரு நாள் ஆட்கள் வந்து வெட்டிவிட்டுப் போவார்கள். வெங்கடேஸ்வரா கோயில் தூரமானாலும் பரவாயில்லை, பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும் என்று 2023-ல் இங்கே வந்தோம். 1.1 ஏக்கர். கோபிச்செட்டிபாளையத்துக்குப் போன் பண்ணி அப்பாவிடம் சொன்னபோது, "110 சென்டா? கிணறு இருக்குதா?" என்றார். போர் இருக்கிறது, செப்டிக் டேங்க் இருக்கிறது, மற்றதெல்லாம் புல்தான் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

வீடு, டிரைவ்வே, பைன் மரங்கள் நிற்கும் மூலை எல்லாவற்றையும் கழித்து, மேப்பில் கோடு போட்டு அளந்தால் வெட்ட வேண்டிய புல் சுமார் 34,000 சதுர அடி. நம் கணக்கில் 78 சென்ட். டால் ஃபெஸ்க்யூ வகைப் புல். கோடையில் சோர்ந்து கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு வாரம் அசந்தால் கெண்டைக்காலைத் தொடும். மூன்று, மூன்றரை அங்குல உயரத்தில் வைக்க வேண்டும், ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதனால் வசந்த காலத்தில் வாரம் தவறாமல் வெட்டியே ஆக வேண்டும்.

முதல் வருடம் 21 அங்குலத் தள்ளு மோவர். வரிசைக்கு வரிசை இரண்டு அங்குலம் மேலேற வெட்டினால் ஒரு நடைக்கு 19 அங்குலம் வெட்டும். 34,000 சதுர அடிக்கு அது கிட்டத்தட்ட ஆறரை கிலோமீட்டர் நடை. திருப்பங்கள், தண்ணீர் குடிக்க நிற்பது, ஈரப்புல் அடைத்துக்கொள்வது எல்லாம் சேர்த்து 2 மணி 40 நிமிடம். உடம்புக்கு நல்லது என்று ஜூன் வரை சொல்லிக்கொண்டேன். ஜூலையில் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆள் வைத்துப் பார்க்கலாம் என்று விசாரித்தால் ஒரு வெட்டுக்கு 75 டாலர் கேட்டார்கள். மார்ச் முதல் நவம்பர் வரை முப்பது வெட்டாவது வரும். 2,250 டாலர். அந்தப் பணத்துக்கு ஒரு வண்டியே வாங்கிவிடலாமே என்று தோன்றியது. அங்கேதான் ஆரம்பித்தது.

கடைக்குப் போனால் இரண்டு சாதி வண்டிகள். ஒன்று ஸ்டியரிங் வைத்த லான் டிராக்டர். இன்னொன்று இரண்டு கைப்பிடிகளைத் தள்ளியும் இழுத்தும் ஓட்டுகிற ஜீரோ டர்ன், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். கடையின் பார்க்கிங் தளத்தில் ஜீரோ டர்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஓட்டினேன். அதற்குப் பிறகு டிராக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கிங் தளம் மட்டமானது, என் நிலம் மட்டமில்லை என்பது அந்த நிமிடத்தில் மண்டையில் ஏறவில்லை.

புதிது 3,300 டாலருக்கு மேல் இருந்ததால் பழையதைத் தேடி, 2024 ஏப்ரலில் ஒருவரிடம் 46 அங்குல டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு) வைத்த ஜீரோ டர்ன் ஒன்றை 1,900-க்கு வாங்கினேன். வாடகை டிரெய்லர் 35 டாலர். வேலி கேட் 48 அங்குலம் என்பது எனக்குத் தெரியும். 46 உள்ளே போகும், இரண்டு அங்குலம் மிச்சம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கேட் முன்னால் நிறுத்திய பிறகுதான் டேப்பை எடுத்தேன். 46 என்பது பிளேடுகள் வெட்டும் அகலம். டெக்கின் தகட்டு விளிம்போடு அளந்தால் 48½. வெட்டிய புல் பக்கவாட்டில் பறக்கிற அந்தப் பிளாஸ்டிக் வாயை இறக்கிவிட்டு அளந்தால் 58. கேட் பக்கமும் இதே கதை: கம்பத்துக்குக் கம்பம் 48, ஆனால் கீலும் கொக்கியும் அரை அங்குலம் தின்றுவிடுகின்றன. நிஜமான வழி 47½. ஒரு அங்குலத்தில் தோற்றேன்.

தோற்றதை ஒத்துக்கொள்ளாமல் ஒரு மாதம் ஓட்டினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலியின் எட்டடிப் பலகையைத் திருகு கழற்றிச் சாய்த்து வைப்பது, உள்ளே போய் வெட்டுவது, வெளியே வந்து மறுபடி பூட்டுவது. அதற்கே 25 நிமிடம். நான்காவது வாரம் திருகுத் துளைகள் தேய்ந்து, பலகை காற்றில் ஆட ஆரம்பித்தது.

மே மாதம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். வந்த மறுநாளே செருப்பை மாட்டிக்கொண்டு நிலம் முழுக்க ஒரு சுற்று நடந்தார். அப்புறம் கராஜுக்கு வந்து ஜீரோ டர்னின் முன்சக்கரத்தைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இது ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் சக்கரமாட்டம் இருக்குது. இத வெச்சு எப்படித் திருப்புவ?"

திருப்புவதெல்லாம் பின்சக்கரம்தான் அப்பா, முன்னால் இருப்பது சும்மா கூட வரும் என்று பெருமையாக விளக்கினேன். "அப்ப பின்னாடி வழுக்குச்சுன்னா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாது என்பதுதான் நிஜம்.

அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. வடக்கு ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு சின்ன ஓடை இருக்கிறது. அதை நோக்கி நிலம் சரியும். முந்தின இரவு மழை இல்லை, ஆனால் காலை எட்டு மணிக்குப் புல்லில் பனி நன்றாக இருந்தது. சரிவின் குறுக்கே போய்க்கொண்டிருந்தேன். பின்சக்கரம் வழுக்கியது தெரியவே இல்லை. வண்டி மூக்கைக் கீழே திருப்பிக்கொண்டு தன் பாட்டுக்குப் போனது. இரண்டு கைப்பிடியையும் பின்னால் இழுத்தேன். சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின, வண்டி முன்னோக்கிப் போனது. பெரிய வேகமில்லை, மாட்டு வண்டி வேகம்தான். ஆனால் நிறுத்த முடியாத மாட்டு வண்டி. முன்சக்கரம் இரண்டும் ஓடைக்குள் இறங்கி, டெக் கரையில் முட்டி நின்றது. ஜீரோ டர்னுக்குத் திருப்பம், பிரேக் இரண்டுமே அந்தப் பின்சக்கரங்களின் பிடியில்தான் இருக்கிறது. பிடி போனால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.

அடி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பிக்கப்பில் கயிறு கட்டி இழுத்தார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் மட்டும், "அந்த எறக்கத்துல குறுக்க ஓட்டப்படாது கண்ணு" என்றார்.

அன்று இரவுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நாலடிப் பலகை ஒன்றைச் சரிவில் கிடத்தி, அதன் மேல் போனை வைத்து, சாய்வு அளக்கும் ஆப்பைத் திறந்தேன். 17 டிகிரி. பன்னிரண்டடிக்கு மூன்றரை அடி இறக்கம். ரைடிங் மோவர் கையேடுகள் பெரும்பாலும் 15 டிகிரிக்கு மேல் ஏற்றாதே என்றுதான் சொல்கின்றன. சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே கூடாது என்றும் இருக்கிறது. தள்ளு மோவருக்கு நேர் எதிர்: குறுக்கேதான் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கினால் கால் பிளேடுக்குப் போகும். வண்டியோடு வந்த கையேட்டின் முதல் சில பக்கங்களிலேயே, வெட்டி எடுத்து வைத்துப் பார்க்கிற மாதிரி, ஒரு சாய்வுக் கோடு அச்சடித்து இருந்தது. நான் அந்தப் பக்கங்களைத் தாண்டி, ஆயில் எவ்வளவு என்ற பக்கத்துக்குப் போயிருந்தேன்.

சரி, அந்த ஓரத்தில் புல்லே வேண்டாம் என்று முடிவு செய்தோம். 12 அடிக்கு 60 அடி, 720 சதுர அடி. புல்லை அழித்துவிட்டு, 20 கட்டு பைன் சருகு பரப்பினோம். கட்டு 6 டாலர். அப்பாவும் அம்மாவும் ஒரே மத்தியானத்தில் பரப்பி முடித்துவிட்டார்கள். இந்தக் கதை முழுவதிலும் முதல் தடவையே சரியாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

ஜீரோ டர்னைச் சரிவு பற்றிச் சொல்லியே 1,600-க்கு விற்றேன். வாங்கியவருக்கு நிலம் கேரம் போர்டு மாதிரி மட்டம். அவருக்கு அது அருமையான வண்டி.

இரண்டாவது தடவை இயந்திரத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒரு தாளில் நிலத்தை எழுதினேன்: கேட் வழி 47½, பைன் சருகுக்குப் பிறகு மிஞ்சும் அதிகபட்ச சாய்வு 9 டிகிரி, மரங்களுக்கு நடுவே குறுகலான இடம் 5 அடி. இதற்குப் பொருந்துவது 42 அங்குல லான் டிராக்டர். பெரிய டெக் வேண்டுமே என்ற சபலத்தையும் கணக்கே தீர்த்தது. மூன்று அங்குலம் மேலேற வெட்டினால் 42-க்கு மொத்தம் சுமார் 10,500 அடி ஓட வேண்டும், 46-க்கு 9,500 அடி. ஒரே வேகத்தில் வித்தியாசம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் ஒரு மாதம் வேலியைக் கழற்றி மாட்டினேன்.

பேட்டரி வண்டியையும் பார்த்தேன். சத்தமில்லை, பெல்ட், ஆயில் தொல்லை குறைவு. விலை நாலாயிரத்தைத் தொட்டதால் விட்டேன். பணம் இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

பழைய டிராக்டர்கள் இரண்டைப் போய்ப் பார்த்தேன். முதலாவதன் இஞ்சின் மூடியில் கையை வைத்தால் சூடு. நான் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைக் காட்ட விருப்பமில்லாதவரிடம் பேரம் எதற்கு? வந்துவிட்டேன். இரண்டாவது 42 அங்குலம், ஒற்றை சிலிண்டர், 18.5 குதிரைத்திறன், மீட்டரில் 210 மணி நேரம். டெக்கின் அடியில் படுத்துப் பார்த்தேன். துரு மேலோட்டம்தான், ஓட்டை இல்லை. பிளேடைக் கையால் ஆட்டினேன். வலது ஸ்பிண்டில், அதாவது பிளேடு சுழலும் அச்சு, கல் மாதிரி, இடதில் துளி ஆட்டம். ஆயில் கறுப்பு, ஆனால் பால் கலந்த நிறமில்லை. ஒரே குறை, கிளம்பவில்லை. "பேட்டரி டல், சார்ஜ் போட்டால் ஓடும்" என்றார் விற்றவர். ஜம்பர் போட்டு, மூன்றாம் தடவை கிளப்பிக் காட்டினார். ஓடும்போது புகையில்லை. அவர் வீட்டு ஏற்றத்தில் பதினைந்து நிமிடம் ஏறி இறங்கினேன். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் சூடான பிறகும் இழுவை குறையவில்லை. இந்த விலை வண்டிகளில் அந்தக் கியர்பெட்டி போனால் வண்டியே போன மாதிரிதான், அதனால் இதில் மட்டும் நேரத்தைக் கஞ்சப்படக் கூடாது. 850 கேட்டார், 650-க்கு முடிந்தது.

வீட்டில் புதுப் பேட்டரி போட்டேன், 55 டாலர். சாவியைத் திருப்பினால் இஞ்சின் அரைச் சுற்று சுற்றி, சுவரில் முட்டின மாதிரி நின்றது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்சான சோலனாய்டாக இருக்கும் என்று 18 டாலருக்கு அதையும் மாற்றினேன். அதே அரைச் சுற்று. வயர்களைச் சுரண்டினேன், எர்த் போல்ட்டைத் தேய்த்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் 70 டாலர் ஆர்டர் போடப் போனபோது, சும்மா ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். சர்ரென்று சுற்றியது. ஆக மோட்டாரில் பலம் இருக்கிறது. சிலிண்டருக்குள் அடைபடும் காற்றைத்தான் தாண்ட முடியவில்லை.

இந்த வகை இஞ்சின்களில் கிளப்பும் நேரத்தில் மட்டும் வால்வைத் துளி திறந்து அழுத்தத்தைக் கசியவிடும் ஒரு சின்ன மேடு, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டில் இருக்கும். வால்வு இடைவெளி தேய்ந்து அதிகமானால் அந்த மேடு வால்வை எட்டாது. அவ்வளவுதான் விஷயம். வேண்டியது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான எட்டு டாலர் ஃபீலர் கேஜும் ஏழு டாலர் கேஸ்கெட்டும்.

வால்வு மூடியின் நாலு போல்ட்டைக் கழற்றினேன். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்க, ப்ளக் துளைக்குள் மகளின் ஜூஸ் ஸ்ட்ராவை விட்டு, இஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஸ்ட்ரா வெளியே வந்து, உச்சியில் ஒரு நொடி நின்று, திரும்ப உள்ளே போக ஆரம்பிக்கும். உச்சியில் ஒரு பேனாக் கோடு, அதிலிருந்து கால் அங்குலம் தள்ளி இன்னொரு கோடு. அழுத்த வீச்சில் உச்சியைத் தாண்டி பிஸ்டன் கால் அங்குலம் இறங்கிய அந்த இடத்தில்தான் இரண்டு வால்வும் முழுக்க மூடியிருக்கும், அங்கேதான் அளக்க வேண்டும். முதல் தடவை தப்பான வீச்சில் நிறுத்திவிட்டு, ஏன் ஒரு தகடும் நுழையவில்லை என்று பத்து நிமிடம் முழித்தேன். இன்னொரு சுற்று சுற்றிய பிறகு சரியானது.

காற்று வரும் வால்வில் 0.011 அங்குலத் தகடு தாராளமாக நுழைந்தது. கையேட்டில் இருப்பது 0.003 முதல் 0.005 வரை. புகை வால்வுக்கு 0.005 முதல் 0.007. நடுவில் நட்சத்திரக் குழி வைத்த ஒரு டார்க்ஸ் திருகு, சுற்றி ஒரு நட். திருகைத் தளர்த்தி, நட்டைத் திருப்பி, தகடு வெண்ணெயில் கத்தி போவதுபோல் லேசாகப் பிடித்துக்கொண்டு வரும் அளவுக்கு வைத்து, திருகை இறுக்க வேண்டும். இறுக்கும்போது இடைவெளி மாறும். மூன்று தடவை மாறியது. கடைசியில் 0.004, 0.006. மூடியைப் போட்டு, ப்ளக்கை மாட்டி, சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து இஞ்சின் மேல் கையை வைத்தார். "சத்தம் நல்லா இருக்குது" என்றார். ஓடையில் இருந்து வண்டியை இழுத்த நாளுக்குப் பிறகு மோவரைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

அத்தோடு முடியவில்லை. முதல் வெட்டில் நிலம் முழுக்கப் படிக்கட்டு மாதிரி வரிகள். டெக் வளைந்திருக்கிறது என்று முடிவுகட்டி, ஸ்பிண்டில் விலை பார்க்கப் போய்விட்டேன். மனைவி, "ஏங்க, ஒரு பக்கம் டயர் சப்பையா இருக்கே?" என்று கேட்ட பிறகுதான் காற்றழுத்தம் பார்த்தேன். பின்னால் இடது 6 பிஎஸ்ஐ, வலது 14. பக்கவாட்டில் பதிந்திருந்த எண்ணையும் கையேட்டையும் பார்த்து முன்னால் 14, பின்னால் 10 வைத்தேன். பாதிக் கோணல் அங்கேயே போனது. மீதிக்கு, கராஜின் மட்டத் தரையில் நிறுத்தி, ப்ளக் வயரைக் கழற்றிவிட்டு, பிளேடு முனைகளைத் தரையிலிருந்து அளந்தேன். இடது வலது வித்தியாசம் ⅛ அங்குலத்துக்குள், முன்பக்கம் பின்பக்கத்தைவிட ¼ அங்குலம் தாழ்வாக இருக்கும்படி வைத்தேன். பழைய பிளேடு இரண்டையும் தீட்டப் பார்த்தேன். ஓரம் இற்றுப்போயிருந்ததால் புது ஜோடி, 34 டாலர்.

இன்னொரு கூத்து. பிளேடு ஓடும்போது ரிவர்ஸ் எடுத்தால் இஞ்சின் பொத்தென்று அணைந்தது. பெட்ரோல் லைன், ஃபில்டர் என்று ஒரு மணி நேரம் நோண்டினேன். பின்னால் குழந்தை இருந்தால் காப்பாற்றுவதற்காக வேண்டுமென்றே வைத்திருக்கும் ஏற்பாடாம் அது. சாவியை வேறு நிலைக்குத் திருப்பினால்தான் வெட்டிக்கொண்டே பின்னால் போக விடும். நான் திருப்புவதில்லை. பிளேடை நிறுத்திவிட்டுத்தான் பின்னால் எடுக்கிறேன். பிள்ளைகள் மடியில் உட்கார்ந்து வருகிறேன் என்று அடம் பிடிப்பார்கள். அதுவும் கிடையாது, வண்டி ஓடும்போது அவர்கள் வீட்டுக்குள்.

செலவு: டிராக்டர் 650, டிரெய்லர் 35, பேட்டரி 55, சோலனாய்டு 18, கேஜும் கேஸ்கெட்டும் 15, ஆயிலும் ஃபில்டரும் 28, பிளேடு 34, ப்ளக் 5, ஏர் ஃபில்டர் 16. மொத்தம் 856. பைன் சருகு 120. ஜீரோ டர்னில் நான் விட்டது டிரெய்லரோடு 335. எல்லாம் கூட்டினால் 1,311 டாலர். அதில் பேட்டரி, சோலனாய்டு, ஜீரோ டர்ன் மூன்றும் சேர்ந்து 408 என் அவசரத்துக்குக் கொடுத்த கூலி. பேட்டரியை வீண் என்று சொன்னால் அது கோபித்துக்கொள்ளும். பனிக்காலம் முழுக்க நன்றாகத்தான் தாங்கியது.

இன்னொரு தடவை செய்தால்? பலகையும் டேப்பும் முதலில். கேட்டைத் திறந்து வைத்து, கீலிலிருந்து கொக்கி வரை. வண்டியில் டெக் தகட்டின் வெளி விளிம்பு, புல் வாய் மேலே இருக்கும்போது ஒரு அளவு, கீழே இருக்கும்போது ஒரு அளவு. விற்பனைச் சீட்டில் இருக்கும் எண் பிளேடு அகலம் மட்டும்தான். பழைய வண்டி பார்க்கப் போனால் ப்ளக் ரெஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். பெட்ரோலில் எத்தனால் கலக்காததாகப் பார்த்து, நவம்பரில் கடைசி வெட்டுக்குப் பிறகு கார்புரேட்டர் காலியாகும் வரை ஓடவிட்டு நிறுத்துகிறேன். இந்த மார்ச்சில் இரண்டாவது சுற்றிலேயே கிளம்பியது. அப்புறம், பனி காயாமல் ஒன்பது மணிக்கு முன் வெட்டக் கூடாது என்று எழுதி வைத்திருந்தேன். போன சனிக்கிழமை 8:10-க்கே ஆரம்பித்துவிட்டேன், ஏனென்றால் அன்று பனியே இல்லை.

புல் வாயை மடக்கிக் கட்டினால் டிராக்டரின் அகலம் 44½. கேட்டில் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் மிச்சம். இடது கம்பத்தில் தரையிலிருந்து ஐந்து அங்குல உயரத்தில் மூன்று கீறல் இருக்கிறது, மூன்றும் முதல் மாதத்தில் விழுந்தவை. இடது ஸ்பிண்டில் இப்போது சூடானதும் லேசாகக் கத்துகிறது. பேரிங் வந்துவிட்டது, 11 டாலர். அப்பா இந்த வருடம் ஆகஸ்டில்தான் வருகிறார். அதுவரை அது தாங்காது, வருகிற ஞாயிறு டெக்கைக் கழற்ற வேண்டும்.